கயலுக்கு: எடுப்பதைவிட திரும்ப வைப்பதில் கவனம்

மன்னார்குடி,
ஐப்பசி 20

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. சம்பாவுக்கு முதல் களை எடுத்தாயிற்று. மாப்பிள்ளையையும் பேரனையும் கேட்டதாகச் சொல்.

நீ கைத்துப்பாக்கி வாங்கியதில் உன் அம்மாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ராத்திரி பதினோரு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு, வசூல் பணத்தோடு இருட்டில் கார் வரை நடக்கிறவளிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் உடுப்புக்குள்ளிருந்து எடுத்துப் பழகப் போவதாகச் சொன்னாயே, அதற்கு ஒரு முறை இருக்கிறது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். இதை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்துக்கொள்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது. தேர்தல் வந்தால் உரிமம் உள்ளவர்களையே ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். நீ இருக்கும் டெக்ஸாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, வேறு தடை இல்லாத 21 வயதுக்காரர் உரிமம் எடுக்காமலே கைத்துப்பாக்கியோடு நடமாடலாம். சட்டம் கேட்காவிட்டாலும் நீ அந்த உரிம வகுப்புக்குப் போ. நாலிலிருந்து ஆறு மணி நேரம்தான். 51 என்று சிவப்பில் பெரிதாகப் போட்ட அறிவிப்பு உள்ள, மது பரிமாறும் இடத்துக்குள் துப்பாக்கியோடு நுழையாதே. உனக்கு கிரீன் கார்டு இருக்கிறது. வேலை விசாவில் வந்திருக்கும் உன் சிநேகிதிகளுக்கு அங்கத்திய மத்திய சட்டம் பொதுவாகத் துப்பாக்கியைத் தடுக்கிறது. ஆசைக்குக்கூட அவர்கள் கையில் கொடுக்காதே.

வீட்டில் பழகுவது எப்போதும் தோட்டா இல்லாமல்தான். தோட்டாப் பெட்டி, நிரப்பிய மேகசின் (பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடு) எல்லாம் வேறு அறைக்குப் போய்ப் பூட்டப்பட வேண்டும். காலி செய்யும்போது முதலில் மேகசினைக் கழற்று, பிறகு ஸ்லைடை, அதாவது மேலே பின்னுக்கு நகரும் பாகத்தை, இழு. இந்த வரிசை மாறினால் ஸ்லைடை இழுத்ததும் சேம்பரில் (குழலின் பின்னால் தோட்டா உட்காரும் குழி) இருந்த தோட்டா வெளியே விழும், அதைப் பார்த்துக் காலி என்று நினைத்துக்கொள்வாய். அதற்குள் மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறியிருக்கும். மேகசின் போனபின் ஸ்லைடை மூன்று தரம் இழு, பின்னால் பூட்டி நிறுத்து, வெளிச்சத்தில் சேம்பரைப் பார், சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவு. விளிம்பும் குழியும் விரலுக்குத் தெரிய வேண்டும். வாசலில் மணி அடித்து, நீ எழுந்துபோய்த் திரும்பி வந்தாலும் மறுபடி முதலிலிருந்து இதே சோதனை.

குறி வைக்கும் சுவர் எது என்பதில் உங்கள் ஊர் வீடு நம்மை ஏமாற்றும். நம் வீட்டுச் செங்கல் சுவரை நினைத்துக்கொண்டு அங்கத்திய உள்சுவரைப் பார்க்காதே. அது மரச்சட்டத்தில் அடித்த அரை அங்குல ஜிப்சம் பலகை, 9 எம்எம் தோட்டா அப்படியே ஊடுருவிப் பக்கத்து அறைக்குப் போய்விடும். அடியில் மண் மட்டுமே இருக்கும் கான்கிரீட் மூலையையோ, வெளிப்பக்கம் செங்கல் வைத்த சுவரையோ தேர்ந்தெடு. அந்தப் பக்கம் யார் நடமாட்டமும் இருக்கக் கூடாது. டிவியையும் கண்ணாடியில் தெரியும் உன் உருவத்தையும் குறி பார்க்காதே.

ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை, கெட்டியான கைடெக்ஸ் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். ட்ரிக்கரை முழுதாக மூட வேண்டும், துப்பாக்கியை எடுத்தபின்னும் வாய் திறந்தே நிற்க வேண்டும். பழகிப்போன தோல் உறையின் வாய் மடிந்து உள்ளே சரியும், அந்த மடிப்பே ட்ரிக்கரை அழுத்தும். அடுத்தது இடுப்பு. சுடிதார் நாடாவும் லெக்கிங்ஸ் எலாஸ்டிக்கும் தோட்டாவோடு முக்கால் கிலோ கனத்தைத் தாங்காது. இழுத்தால் உறையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். விறைப்பான பெல்ட் போட்ட பேண்ட், மேலே இடுப்புக்குக் கீழே நாலு விரல் இறங்கும் சட்டை, அவ்வளவுதான். முழங்கால் வரை தொங்கும் குர்தியை ஒரு கையால் சுருட்டி மேலேற்றுவதற்குள் நேரம் போய்விடும். பணப்பையும் சாவியும் எப்போதும் இடது கையில்.

எடுக்கும் முறை இது. இடது கை சட்டையின் ஓரத்தை அள்ளி மார்பு வரை தூக்கி அங்கேயே ஒட்டி நிற்கும். துப்பாக்கி உறைக்குள் இருக்கும்போதே வலது கை பிடியை முழுதாகப் பற்றும், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள கவை பிடியின் உச்சியில் ஏறி உட்கார வேண்டும். பிறகு நேர் மேலே இழு. குழல் உறையை முழுக்கக் கடந்தபின்தான் முன்னே திருப்பு. இரண்டு கையும் மார்புக்கு முன்னால் சேரும், அதன்பின் நீட்டு. இடது கை மார்பை விட்டு அவசரப்பட்டு முன்னே நீண்டால் குழலுக்கு எதிரே உன் உள்ளங்கைதான் நிற்கும். கதிர் அறுக்கும்போது இடது கை கருக்கரிவாளின் பாதையில் வராமல் பிடிப்போமே, அதே கணக்கு. சுட்டுவிரல் இவ்வளவு நேரமும் ட்ரிக்கர் வளையத்துக்கு மேலே, துப்பாக்கியின் உடம்போடு நீட்டி ஒட்டியிருக்கும். குறி கண்ணில் பட்டு, சுடுவது என்று முடிவானபின்தான் அது உள்ளே போகும்.

பத்துத் தரம் எடுத்தால் எட்டுத் தரம் ட்ரிக்கரைத் தொடாமலே முடி. எடு, "நில், கிட்டே வராதே" என்று அங்கத்திய பாஷையில் உரக்கச் சொல், இறக்கு. எடுத்தால் அழுத்தியே ஆகவேண்டும் என்று கை பழகிவிட்டால், பயந்த நேரத்தில் எதிரே இருப்பவனைப் பார்ப்பதற்கு முன்பே விரல் வேலை செய்துவிடும். பணப்பைக்காக இதை எடுக்கவே எடுக்காதே, கண்ணு. பையை வீசிவிட்டு உள்ளே ஓடிப் பூட்டிக்கொள்.

இந்தக் கடிதத்தையே எழுத வைத்தது திரும்ப வைக்கிற வேலைதான். எடுப்பதைவிட வைக்கும்போதுதான் காலிலும் தொடையிலும் சுட்டுக்கொள்கிறார்கள். அடிவயிற்றுப் பக்கம் வைப்பவர்களுக்குத் தொடையின் பெரிய ரத்தக் குழாய் நேர் கீழே. உன் துப்பட்டா நுனி, சட்டை மடிப்பு, மழைக்கோட்டின் கயிற்று முடிச்சு எது உறை வாய்க்குள் போனாலும், நீ துப்பாக்கியை அமுக்க அமுக்க அது ட்ரிக்கரைப் பின்னுக்குத் தள்ளும். அதனால் ஒரு மூச்சு நின்று, விரலை நேராக்கி, துணியை மேலே தூக்கிப் பிடித்து, உறை வாயைக் கண்ணால் பார்த்து, மெதுவாக இறக்கு. முட்டுவது போல் கைக்குத் தெரிந்தால் தள்ளாதே, வெளியே எடுத்துப் பார். வைப்பதில் வேகமே தேவையில்லை. துப்பட்டாவைப் பயிற்சியின்போது கழற்றி வைத்துவிடு. கதிரடிக்கும் இயந்திரப் பெல்ட் பக்கம் போகிற ஆள் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகுவதைப் பார்த்திருக்கிறாய்.

கை தவறி விழுந்தால் விழட்டும். பாய்ந்து பிடிக்கப் போகிற விரல் நேரே ட்ரிக்கரில் சிக்கும்.

ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், பதினைந்து இருபது தரம் போதும். களைப்பில், கோபத்தில், மருந்து சாப்பிட்ட அன்று வேண்டாம். முதல் மாதம் வேகத்தை நினைக்காதே. முடித்ததும் "இன்றைக்குப் பயிற்சி முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல், அறையை விட்டு வெளியே போ. தோட்டா ஏற்றியபின் "இன்னும் ஒரே தரம்" என்று தோன்றும். அந்த ஒரு தரத்தில்தான் சுவரிலும் டிவியிலும் ஓட்டை விழுகிறது.

தினமும் ஒரே தோட்டாவைச் சேம்பரில் ஏற்றி இறக்காதே. ஒவ்வொரு இடிக்கும் ஈயமுனை குப்பிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும், அப்போது சுட்டால் உள்ளே அழுத்தம் கூடித் துப்பாக்கியே சேதமாகலாம். புதுத் தோட்டாவின் பக்கத்தில் நிறுத்திப் பார், குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடு. சுட்டுப் பழகும் ரேஞ்சில் நிஜத் தோட்டாவோடு உறையிலிருந்து எடுக்கப் பல இடங்களில் விடமாட்டார்கள், முதலில் கேள். திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்கு, ஈயத் தூசி ஒட்டியிருக்கும்.

பேரன் நாற்காலி போட்டு ஏறுகிற வயசு. உன் இடுப்பில் இல்லாத நேரம் அது இரும்புப் பெட்டிக்குள் பூட்டியிருக்க வேண்டும். கைப்பையில் போட்டு ஹாலில் வைக்காதே, பிஸ்கட் தேடி அவன் முதலில் திறப்பது அதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது உறையையும் பெல்ட்டையும் மட்டும் கொண்டுவந்து காட்டு. உறையின் வாயை இரண்டு விரலால் அமுக்கச் சொல்வேன், மடிகிறதா பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா