பேரன் பிறந்த வீட்டுக்கு ஒரு கடிதம்

பாடாங் செராய், கெடா
ஆகஸ்டு 2025

அன்பு நண்பா,

கர்த்தருடைய நாமத்தில் உனக்கும் அண்ணிக்கும் என் வாழ்த்துதல்கள். குளுவாங்கிலிருந்து நீ கைப்பட எழுதிய நான்கு பக்கக் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. என் பேரன் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதில் தப்பாக எழுதினால் எப்படி அழிப்பது?" என்று கேட்டான். அழிக்க முடியாது, அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும் என்றேன். நீயும் மூன்று இடங்களில் அடித்திருக்கிறாய். மூன்றும் உன் இரண்டாவது மகனைப் பற்றிய வரிகள்.

உன் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்தது அறிந்து மகிழ்ந்தோம். பிள்ளையை வேதத்தின்படி வளர்ப்பது எப்படி என்று உன் மகள் உன்னிடம் கேட்டதாகவும், அதற்கு என்ன சொல்லலாம் என்றும் எழுதியிருக்கிறாய். கடைசிப் பக்கத்தில் உன் சொந்தக் கேள்வியையும் வைத்திருக்கிறாய். "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்" என்கிற நீதிமொழி வாக்குத்தத்தம்தானா, அப்படியானால் சபையை விட்டு விலகிப்போன மகன் விஷயத்தில் நாம் எங்கே தவறினோம் என்று. மகளின் கேள்விக்கு மட்டும் விடை எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் இரண்டும் ஒரே கேள்வி என்று விளங்கியது.

முதலில் எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் விடை அங்கிருந்துதான் வருகிறது. நாம் பிறந்த லயம், அந்தத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசை, இருந்த இடம் இப்போது தாமான் என்கிற வீடமைப்புப் பகுதி ஆகிவிட்டது. ரப்பர் பால்மரம் ஒன்றுகூட இல்லை, மிச்சமிருப்பது செம்பனைதான். மகன் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு பார்க்கிறான். மருமகள் பினாங்கின் பிறை நகரில் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறாள். இருவருக்கும் ஒரே நாளில் விடுமுறை கிடைப்பது அரிது. மூன்றாம் ஆண்டு படிக்கும் பேரனும் பாலர் பள்ளிக்குப் போகும் பேத்தியும் பெரும்பாலும் எங்கள் பொறுப்பில்தான் இருக்கிறார்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பது உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் பள்ளி நாள். ஜொகூரில் நீங்களும் 2014 தொடங்கி அப்படித்தான் இருந்தீர்கள்; 2025 ஜனவரியில்தான் உங்களுக்கு ஞாயிறு திரும்பக் கிடைத்தது. எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி சனிக்கிழமை காலையில் நடக்கிறது. 1780இல் ராபர்ட் ரெய்க்ஸ் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியபோது, வாரத்தில் ஆறு நாளும் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு நாளாக இருந்தது. இங்கே அந்த ஞாயிறன்றுதான் பிள்ளைகள் புத்தகப் பை தூக்குகிறார்கள். பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது நன்னெறிக் கல்வி. அதைக் குறைசொல்லவில்லை, ஆனால் விசுவாசம் அந்தப் பாடத்தில் இல்லை. ஆகவே மிச்சம் வீடுதான்.

வீட்டில் எப்போது, எப்படி என்பதற்கு உபாகமம் ஆறாம் அதிகாரத்தைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் அவைகளைக் குறித்துப் பேசு என்கிறது. நாம் பிள்ளைகளாக இருந்தபோது அந்த வசனத்தை மனப்பாடம் செய்து பரிசு வாங்கினோம். ஆனால் அதற்கு முந்தின வசனத்தை யாரும் நமக்கு அழுத்திச் சொல்லவில்லை. "இந்த வார்த்தைகள் உன் இருதயத்தில் இருக்கக்கடவது" என்று தகப்பனைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் பிள்ளையின் பேச்சே அங்கே வருகிறது. தனி வகுப்பும் மணியும் அதில் இல்லை. நாள் முழுவதும் தானாக நடக்கிற நான்கு காரியங்கள்தான் இருக்கின்றன. ஷிப்டு வேலை செய்கிற வீட்டுக்கும் இது பொருந்தும் என்று நான் கண்டுகொண்டேன். இரவு ஷிப்டு முடிந்து விடியற்காலையில் வருகிற என் மகன், பிள்ளைகள் பசியாறும் நேரத்தில் பத்து நிமிடம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சங்கீதத்தில் இரண்டு வரி வாசித்துவிட்டுத்தான் படுக்கிறான். சில நாள் வாசிக்கும்போதே கண்ணயர்ந்துவிடுவான், பிள்ளைகள் சிரிப்பார்கள். தகப்பன் எவ்வளவு களைத்திருந்தும் எதை விடவில்லை என்பதை அவர்கள் பார்க்கிறார்கள் அல்லவா, அது எனக்குப் போதும்.

அதே அதிகாரத்தின் பிற்பகுதியை உன் மகளுக்குக் கட்டாயம் வாசித்துக் காட்டு. இந்தக் கட்டளைகளெல்லாம் என்ன என்று நாளைக்கு உன் மகன் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மோசே சொல்லிக்கொடுக்கிறார். நானாக இருந்தால் சட்டத்தின் காரணங்களை அடுக்கியிருப்பேன். மோசேயோ, நாங்கள் எகிப்திலே பார்வோனுக்கு அடிமைகளாயிருந்தோம், கர்த்தர் எங்களைப் புறப்படப்பண்ணினார் என்று கதையைத் தொடங்கச் சொல்கிறார். தைப்பூசத்தன்று பக்கத்து வீட்டார் காவடி எடுத்துப் போனபோது, நாம் மட்டும் ஏன் போவதில்லை, நாம் ஏன் சபைக்குப் போகிறோம் என்று பேரன் கேட்டான். அவர்கள் நம் சொந்தக்காரர்களைப் போன்றவர்கள், அவர்களுடைய வழிபாட்டைப் பழித்து ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று முதலில் சொல்லிவிட்டு, என் பாட்டியின் கதையைச் சொன்னேன். கப்பலில் வந்து இறங்கியது, விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்றது, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மர நிரையில் இறங்கியது, இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தது, எழுதப் படிக்கத் தெரியாத அவர் பிறர் வாசிக்கக் கேட்டே சங்கீதங்களை மனத்தில் வைத்துக்கொண்டு பாலுக்கு மரம் சீவும்போது சொல்லிக்கொண்டே போனது. எகிப்தையும் தோட்டத்தையும் நான் ஒன்றாக்கமாட்டேன். ஆனாலும் அவரைக் கர்த்தர் எப்படி நடத்தினார் என்பதுதான் நாம் சபைக்குப் போகிற காரணம் என்று சொன்னபோது பையனுக்குப் புரிந்தது. மறுநாள் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் வழியில், "பாட்டிக்குப் பாட்டு தெரியுமா?" என்று மறுபடியும் கேட்டான். தீமோத்தேயுவின் விசுவாசம் முந்தி அவன் பாட்டியாகிய லோவிசாளுக்குள் இருந்தது என்று பவுல் எழுதுகிறார் அல்லவா; புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் பாட்டி என்ற சொல் வருவது அந்த ஓர் இடத்தில் மட்டும்தான் என்று போதகர் சொன்னார். அண்ணியிடம் இதைச் சொல், மகிழ்வார்.

இனி ரோத்தான், அதாவது பிரம்பு விஷயம். உன் மருமகன், வேதமே பிரம்பை எடுக்கச் சொல்கிறது என்று வாதிடுவதாக எழுதியிருக்கிறாய். பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான் என்று நீதிமொழிகளில் இருப்பது உண்மைதான், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அங்கே வருகிற ஷேபெத் என்ற எபிரெயச் சொல்தான், "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்" என்கிற சங்கீதத்திலும் கோல் என்று வருகிறது. ஆடு வழி தவறாதபடி மேய்ப்பன் கையில் வைத்திருக்கிற கோல் அது. அந்த நீதிமொழி கண்டிப்பு வேண்டும் என்றுதான் சொல்கிறது; மளிகைக்கடையில் கொத்தாகத் தொங்குகிற வண்ணப்பிடி ரோத்தானை வாங்கி வந்தால் கண்டிப்பு தானாக வந்துவிடும் என்று நாம்தான் சேர்த்துப் படித்தோம்.

இதை நான் படிப்பிலிருந்து எழுதவில்லை. என் மகன் படிவம் 2 படிக்கும்போது மதிப்பெண் அட்டையில் என் கையெழுத்தைத் தானே போட்டுவிட்டான். நான் ரோத்தானை எடுத்து, கை ஓயுமட்டும் அடித்து, அடித்த கையோடு முழங்காலில் நிற்கவைத்து ஜெபிக்கச் சொன்னேன். அவனும் விம்மிக்கொண்டே ஜெபித்தான். என் கடமையைச் செய்துவிட்டதாக அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். அவனுக்குப் பிள்ளை பிறந்த பிறகு ஒருநாள் சாதாரணமாகச் சொன்னான்: "அடி மறந்துவிட்டது அப்பா. உடனே ஜெபிக்கச் சொன்னீர்கள் பாருங்கள், அதன்பிறகு பல வருடம் ஜெபம் என்றாலே எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வரும்." பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயருக்குப் பவுல் எழுதியதை அதுவரை எத்தனை முறை வாசித்திருப்பேன்! எதற்காகத் தண்டிக்கிறோம் என்பதைவிட, தண்டனையோடு எதைச் சேர்த்துக் கட்டுகிறோம் என்பதில்தான் நான் தவறினேன். ஜெபத்தைப் பிரம்போடு கட்டிவிட்டேன். உன் மருமகனுக்கு வேறொன்றும் சொல்லவேண்டாம், இதை மட்டும் சொல்.

கண்டிப்பு என்று வரும்போது நம் மெதடிஸ்ட் முன்னோர்கள், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னா வெஸ்லியை எடுத்துக்காட்டுவார்கள். பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று, பிழைத்த பத்துப் பேரை வளர்த்தவர். ஒரு வயதிலேயே பிரம்புக்கு அஞ்சவும் மெல்ல அழவும் பழக்கியதாக அவரே 1732இல் எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை வாசிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் 1712இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் இன்னொன்றைச் சொல்கிறார்: வாரத்தில் ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியே உட்கார்ந்து பேசுவாராம், ஜானுக்கு வியாழக்கிழமை. பிற்காலத்தில் ஜான் நினைவுகூர்ந்து ஏங்கியது அந்த வியாழன் மாலையைத்தான். நான் அதைத் திருடிக்கொண்டேன். செவ்வாய் மாலை பேரனுக்கு, புதன் மாலை பேத்திக்கு. பேரனோடு ஆற்றோரம் தூண்டில் போடுகிறேன். பாதி நேரம் பந்துதான் பேசுகிறான், வேதம் வரும்போது வரும்.

உன் கேள்விக்கு வருகிறேன். நீதிமொழி நியாயப்பிரமாணம் அன்று, கையெழுத்திட்ட ஒப்பந்தமும் அன்று. இருபத்தாறாம் அதிகாரத்தில் மூடனுக்கு மறுஉத்தரவு கொடாதே என்று ஒரு வசனமும், கொடு என்று அடுத்த வசனமும் அருகருகே நிற்கின்றன. எந்த நேரத்தில் எது என்று பார்த்து நடப்பதற்காகவே அவை எழுதப்பட்டன. பிள்ளையை வழியிலே நடத்தினால் பெரும்பாலும் விளைவது இது என்று ஒரு ஞானி சொல்கிறார். நடத்து என்பதற்கு அங்கே உள்ள சொல், புதுவீட்டைப் பிரதிஷ்டை செய்வதற்கும் வருவதுதான். வீட்டை ஒப்புக்கொடுத்த பிறகும் கூரை ஒழுகலாம். சாமுவேல் ஆலயத்திலேயே வளர்ந்தவர், அவருடைய குமாரர் பரிதானம் வாங்கினார்கள். வேதம் அதற்காகச் சாமுவேலை ஓரிடத்திலும் குற்றப்படுத்தவில்லை. ஆசாரியன் ஏலியை மட்டும் கடிந்துகொள்கிறது, பிள்ளைகள் செய்வது தெரிந்தும் அடக்காதிருந்ததற்காக. நீ ஏலியாக இருந்ததில்லை, எனக்குத் தெரியும். பதினாறு வயதில் அவன் குடித்துவிட்டு வந்த இரவு வாசலில் நீ உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தவன்.

கெட்ட குமாரன் உவமையை நான் எடுக்கப்போவதில்லை, எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருப்பாய். யூதாவின் ராஜா மனாசேயை மட்டும் மறுபடியும் வாசித்துப் பார். அவன் அப்பா எசேக்கியாவைப் போல் நல்ல தகப்பன் யூதாவில் அதிகமில்லை. மகனோ பன்னிரண்டு வயதில் சிங்காசனம் ஏறி, ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆண்டு, தகப்பன் இடித்த மேடைகளையெல்லாம் திரும்பக் கட்டினான். கடைசியில் சங்கிலியோடு பாபிலோனில் இருக்கும்போது தன் பிதாக்களின் தேவனுக்கு முன்பாகத் தாழ்த்திக்கொண்டான் என்று இரண்டாம் நாளாகமம் சொல்கிறது. அந்தத் தேவனை அவன் முதலில் கேள்விப்பட்டது எசேக்கியாவின் வீட்டில்தான் இருக்க வேண்டும். எசேக்கியா அதைப் பார்க்க உயிரோடில்லை.

உன் மகன் சிங்கப்பூருக்குத் தினமும் பாலம் கடந்து போய்வருகிறவன், அதற்கிடையில் வாரந்தோறும் உனக்குத் தொலைபேசியில் பேசுகிறான் என்று எழுதியிருக்கிறாய். அவன் பேசும்போது சபைக்குப் போனாயா என்று முதலில் கேட்காதே. சாப்பிட்டாயா என்று கேள். பிறகு அவன் சொல்வதைக் கேள். ஜெபத்தை நீ செய்.

பள்ளி விடும் நேரமாகிவிட்டது, பேரனை ஏற்றிவரப் போகவேண்டும். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் இருபத்துமூன்றாம் சங்கீதத்தை ஒப்பிக்கப்போகிறான். நாலாம் வசனத்தில் கோலையும் தடியையும் மாற்றி மாற்றிச் சொல்கிறான். டிசம்பரில் நீங்கள் வடக்கே வருவதாயிருந்தால் எங்கள் வீட்டில்தான் தங்கவேண்டும். அந்த இரண்டாவது மகனையும் முடிந்தால் அழைத்துக்கொண்டு வா. என் மகனுக்கும் அவனுக்கும் பழைய பந்துக் கணக்கு ஒன்று பாக்கியிருக்கிறதாம்.

கிறிஸ்துவின் அன்பில்,
உன் லயத்துத் தோழன்