வழக்கு முடிந்தது, குற்ற எண் முடியவில்லை

தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், மாநிலக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். தாலுகா நீதிமன்றங்களிலும் மாவட்ட நீதிமன்றங்களிலும் கிரிமினல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்கள் சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. பாஸ்போர்ட் விசாரணைக்கோ வேலைக்கான சரிபார்ப்புக்கோ நாள் நெருங்கும்போது கட்சிக்காரர்கள் ஓடிவந்து கேட்பது ஒன்றுதான்: “சார், என் பேர்ல இருக்கிற கேஸை அழிச்சுக் கொடுங்க.”

வயதுவந்த ஒருவரின் குற்றப் பதிவை மொத்தமாக அழிக்க நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யலாம், சமரசம் ஆகலாம், அரசு வாபஸ் வாங்கலாம், விடுதலை பெறலாம். இவற்றில் ஒன்றை வாங்கித் தருவது எங்கள் வேலை. வாங்கிய உத்தரவைக் காவல் நிலையக் கணினியில் ஏற்றுவது உங்கள் வேலை. கட்சிக்காரர் அலைவது இந்தக் கடைசிப் படியில்தான்.

உயர் நீதிமன்றம் ரத்து உத்தரவு போட்டால், நகல் அரசு வழக்கறிஞர் அலுவலகம் வழியாக நிலையத்துக்கு வரவேண்டும். நிலையத்தில் கோர்ட் கான்ஸ்டபிள் அதை வாங்கி ரைட்டரிடம் கொடுக்க வேண்டும். ரைட்டர் (நிலைய எழுத்தர்) சி.சி.டி.என்.எஸ். என்னும் காவல்துறைக் கணினி வலையமைப்பில் பதிவைத் திறந்து முடிவைச் சேர்க்க வேண்டும். மூன்று கைகளில் ஒன்று மறந்தாலும் அந்தக் குற்ற எண்ணுக்கு (முதல் தகவல் அறிக்கைக்கு நிலையம் தரும் எண்) எதிரே ‘விசாரணையில்’ என்றே நிற்கும். எல்லை பிரித்துப் புது நிலையம் வந்த ஊர்களில் சிக்கல் இரட்டிப்பு. குற்ற எண் பழைய நிலையத்தில் இருக்கும், சரிபார்ப்பு புது நிலையத்துக்குப் போகும், அங்கே உத்தரவைப் பார்த்தவர் யாரும் இருக்கமாட்டார்.

இதில் அதிகம் மாட்டுவது போராட்ட வழக்குகள். சாலை மறியல், ஆர்ப்பாட்டம் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 143 (சட்டவிரோதமாகக் கூடுதல்), 188 (அரசு ஊழியரின் உத்தரவை மீறுதல்), 341 (வழிமறித்தல்). இப்போது அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 189(2), 223, 126(2). இவை எதற்கும் அதிகபட்சத் தண்டனை ஓராண்டைத் தாண்டாது. ஆகவே பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 468-இன்படி, சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் இறுதி அறிக்கை (குற்றப்பத்திரிகை) நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் காலவரம்பைச் சொல்வது அதன் இடத்துக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 514; அதில் கணக்குக்கு எடுப்பது எஃப்.ஐ.ஆர். பதிந்த தேதியை. போதாக்குறைக்கு, 188-இன்கீழ் சம்பந்தப்பட்ட அரசு ஊழியர் எழுத்தில் புகார் கொடுத்தால் ஒழிய நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுக்க முடியாது. 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதை விரித்தே சொல்லியிருக்கிறது. அப்படியிருந்தும் ஆண்டுக்கணக்கில் இறுதி அறிக்கை இல்லாமல் கிடக்கும் இத்தகைய குற்ற எண்கள் எத்தனையோ. காலம் கடந்துவிட்டது, யாரும் வழக்கு நடத்தப்போவதில்லை, ஆனால் பையன் கான்ஸ்டபிள் தேர்வுக்குப் போனால் பட்டியலில் அது எழுந்து நிற்கும்.

இதற்கு வழி உயர் நீதிமன்றத்தில் கிரிமினல் ஓ.பி. என்னும் ரத்து மனு; முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482, இப்போது பி.என்.எஸ்.எஸ். 528. எஃப்.ஐ.ஆர். நகலும், இறுதி அறிக்கை தாக்கலாகவில்லை என்பதைக் காட்டும் நீதிமன்ற விவரமும் கையில் இருந்தால் மனு எளிது. பிரிவுகளை மட்டும் கூர்ந்து பார்க்க வேண்டும். பழைய தண்டனைச் சட்டம் இருந்தவரை, தெருச்சண்டை என்றாலே 294(பி) (ஆபாசப் பேச்சு), 323 (அடித்துக் காயப்படுத்துதல்), 506(ii) (கொலை மிரட்டல்) என்று ஒரு மாமூல் கூட்டணி எஃப்.ஐ.ஆரில் ஏறிவிடும். 506(ii)-க்கு ஏழாண்டு வரை தண்டனை உண்டு. அது ஒன்று இருந்தால் காலவரம்பு வாதமே எடுபடாது. பிறகு சமரசம்தான். அதிலும் 294(பி) சமரசப் பட்டியலில் இல்லாததால் கீழ் நீதிமன்றத்தில் முழுதாக முடிக்க முடியாமல் உயர் நீதிமன்றத்துக்கே போகவேண்டும். 2012-இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி அது. இருதரப்பும் கையெழுத்திட்ட கூட்டு சமரச மனு, அடையாள அட்டைகள், புகார்தாரரை அடையாளம் காட்ட நிலையத்திலிருந்து ஒரு அதிகாரி, எல்லாம் அன்றைய தினம் தயாராக இருக்க வேண்டும். அதிகாரி வரவில்லை என்பதற்காகத் தள்ளிப்போகும் வாய்தாக்களை உங்கள் ஒரு சுற்றறிக்கை குறைத்துவிடும்.

அபராதம் கட்டி முடிக்கும் சிறு வழக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். “ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போப்பா, அதோட முடிஞ்சிரும்” என்று நிலைய வாசலில் சொல்லி அனுப்புவது நல்லெண்ணமாகவே இருக்கலாம். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு எஸ்.டி.சி.யில் (சுருக்கமுறை விசாரணை வழக்கில்) கட்டும் நூறு ரூபாயும் சட்டப்படி தண்டனைத் தீர்ப்புதான். ரத்து மனு போட்டு எளிதில் துடைக்க முடியாதது அது ஒன்றே. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடும் நன்னடத்தைச் சட்டம் 1958-இன்கீழ் விடுவிக்கப்பட்டால் பிரிவு 12 தகுதியிழப்பை நீக்கும். தண்டனைத் தீர்ப்பு நடந்தது நடந்ததுதான்.

விடுதலையிலும் ரகம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். காவல் சார்நிலைப் பணி விதி 14(பி)-இன் விளக்கப்படி, சந்தேகத்தின் பலனைக் கொடுத்தோ புகார்தாரர் பிறழ்சாட்சியாகிவிட்டதாலோ விடுதலையானவர் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். 2008-இல் மணிகண்டன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் அதை ஏற்றது. எனவே சீருடைப் பணிக்குப் போக நினைக்கும் பையனுக்கு, சாட்சியைப் பிறழவைத்து வாங்கும் விடுதலை கடன் வாங்கிக் கடன் அடைப்பது போலத்தான். இது எங்கள் சகாக்களுக்கும் சொல்வது. விண்ணப்பத்தில் வழக்கை மறைப்பது அதைவிட மோசம். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அற்ப வழக்குகளைத் தாராளமாகப் பார்க்கச் சொன்னது, ஆனால் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்றும் சொன்னது.

சிறார் விஷயத்தில் சட்டம் இவ்வளவு தயங்கவில்லை. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 24, தகுதியிழப்பைத் துடைத்து, மேல்முறையீட்டுக் காலத்துக்குப் பிறகு தண்டனைப் பதிவுகளை அழிக்கவும் சொல்கிறது. 16 வயதைக் கடந்து, வயதுவந்தோரைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. பிரிவு 74(2) உங்களுக்கு நேரடியான கட்டளை: வழக்கு முடிந்திருந்தால் நடத்தைச் சான்றுக்காக அந்தப் பதிவைக் காவல்துறை வெளியிடக் கூடாது. ‘சிறார் வழக்கு இருந்தது, முடிந்தது’ என்று சரிபார்ப்பில் எழுதுவதும் வெளியிடுவதே.

கைரேகை, புகைப்படம் பற்றி யாரும் கேட்பதில்லை. 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டப்படி இவற்றை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். ஆனால் முன்தண்டனை இல்லாத ஒருவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ விடுதலையானாலோ, மேல்முறையீட்டு வாய்ப்புகள் முடிந்ததும், நீதிமன்றம் காரணம் எழுதி வேறு உத்தரவு போடாதவரை, அழித்தாக வேண்டும். கோரிக்கை போகவேண்டியது மாநில அரசு நியமிக்கும் பொறுப்பு அதிகாரிக்கு. அவர் யார், எந்த முகவரிக்கு எழுதுவது என்று ஒவ்வொரு நிலையத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள்.

எங்கள் முதல் கோரிக்கை, உத்தரவு நகல் கிடைத்த 30 நாளுக்குள் சி.சி.டி.என்.எஸ்.ஸில் முடிவைப் பதிந்து, பதிந்த பக்கத்தின் அச்சுநகலைச் சம்பந்தப்பட்டவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது. இரண்டாவது, சரிபார்ப்பு அறிக்கையில் ‘வழக்கு நிலுவை’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், குற்ற எண், பிரிவுகள், இறுதி அறிக்கை போன தேதி, சி.சி. எண் (நீதிமன்றம் தரும் வழக்கு எண்), முடிவு என ஐந்தையும் எழுத வேண்டும். எஃப்.ஐ.ஆர். மட்டும் இருப்பதும் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பதும் வேறு. பாஸ்போர்ட் சட்டம் பிரிவு 6(2)(எஃப்) பேசுவது இரண்டாவதைத்தான். மூன்றாவது, 2021 பிப்ரவரியில் அரசு வாபஸ் அறிவித்த ஊரடங்கு வழக்குகள். அறிவிப்பு மட்டும் வழக்கை முடிக்காது. நீதிமன்றத்துக்குப் போனவற்றில் அரசு வழக்கறிஞர் மனு போட்டு, நீதிமன்றம் சம்மதித்திருக்க வேண்டும். அந்த உத்தரவு எந்தெந்தக் குற்ற எண்ணுக்கு வந்தது, எதற்கு வரவில்லை என்று நிலையவாரியாகப் பட்டியல் வெளியிடுங்கள்.

அதுவரை கட்சிக்காரர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான். உத்தரவின் சான்றிட்ட நகல் மூன்று எடுங்கள். ஒன்றை நிலையத்தில் கொடுத்து, மறுபிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். இன்னொன்றை மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். மூன்றாவதை லேமினேட் செய்யாமல் வைத்திருங்கள். லேமினேட் செய்த நகலில் முத்திரையைச் சரிபார்க்க முடியாது என்று திருப்பிவிடுகிறார்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் தாலுகா சட்டப்பணிகள் குழுவுக்குப் போங்கள், அல்லது இலவச சட்ட உதவி எண் 15100-ஐ அழையுங்கள்.

இப்படிக்கு,
கிரிமினல் வழக்கறிஞர்கள் சிலர்