லண்டன் டிக்கெட்டில் அரசின் பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் இருப்பவர்கள் கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்துபோகும் விமானச் செலவு வருஷத்துக்கு வருஷம் ஏறுவதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எண்ணெய் விலையும் விமானக் கம்பெனிகளின் பேராசையும்தான் காரணம் என்று முடித்திருந்தீர்கள். இரண்டும் உண்மைதான். எரிபொருள் கூடுதல் கட்டணத்தை விர்ஜின் அட்லாண்டிக்கோடு பேசிவைத்துக்கொண்டு ஏற்றியதற்காக பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு 2007-இல் 12 கோடியே 15 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார்கள். அதனால் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்க நான் இதை எழுதவில்லை. ஆனால் லண்டனிலிருந்து கிளம்புகிறவர்கள் கொடுக்கும் பணத்தில் பிரிட்டன் அரசுக்குப் போகும் பங்கும் உண்டு. கட்டுரையில் அது விட்டுப்போய்விட்டது.

டிக்கெட்டோடு மின்னஞ்சலில் வரும் ரசீதில் அடிப்படைக் கட்டணத்துக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்தைப் பாருங்கள். ஒய்.க்யூ., ஒய்.ஆர். என்று இருப்பவை கம்பெனி போடுவது. யு.பி. விமான நிலையத்துக்கு. ஜி.பி. என்று இருப்பதுதான் விமானப் பயணிகள் வரி. 1993 பட்ஜெட்டில் நிதியமைச்சர் கென்னத் கிளார்க் அறிவித்து, 1994 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விமான எரிபொருளுக்குத் தீர்வை கிடையாது, டிக்கெட்டுக்கு வாட் வரியும் கிடையாது, விமானப் பயணத்துக்கு மட்டும் எதற்கு இந்தச் சலுகை என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். அப்போது சென்னைக்கு வர ஆளுக்கு 10 பவுண்டு.

1997-இல் அது 20 ஆனது. 2007 பிப்ரவரியில் 40. முன்கூட்டியே டிக்கெட் வாங்கி வைத்திருந்தவர்களையும் விடவில்லை. 2010-இல் 75, 2014-இல் 85. நடுவில் கொஞ்சம் குறைந்து மறுபடி ஏறி, 2026 ஏப்ரல் முதல் 102. விலைவாசி உயர்வை மட்டும் சேர்த்திருந்தால் அந்தப் பழைய 10 பவுண்டு இன்றைக்கு 30-ஐக்கூடத் தொட்டிருக்காது. இது எகானமிக்கு. மூட்டுவலியுள்ள அம்மா கொஞ்சம் காலை நீட்டி உட்காரட்டும் என்று பிரீமியம் எகானமி எடுத்தால் 244. பதினாறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு எகானமியில் இந்த வரி இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். அதையும் சொல்லிவிட வேண்டும்.

வேறு மாதத்தில் போகலாமே என்பார்கள். பள்ளி நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் இங்கிலாந்தில் அபராதம். ஒரு பிள்ளைக்கு அப்பாவுக்கு 80, அம்மாவுக்கு 80. 21 நாளில் கட்டாவிட்டால் அது 160. ஆகவே டிக்கெட் விலை உச்சத்தில் இருக்கும் ஜூலை, ஆகஸ்டில்தான் எல்லோரும் போயாக வேண்டியிருக்கிறது.

என் வருத்தம் இதுதான். ஏதோ மழை வெயில் மாதிரி இது தானாக ஏறுகிறது என்று நம் ஆட்கள் பேசாமல் கட்டிவிடுகிறோம். கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள் அப்படி இருக்கவில்லை. 2009-இல் பிரிட்டன் அரசு இந்த வரியைத் தூரத்தை வைத்து நாலு பிரிவாக்கியது. லண்டனிலிருந்து அந்தந்த நாட்டின் தலைநகர் வரை உள்ள தூரமே கணக்கு. வாஷிங்டன் 4,000 மைலுக்குள் இருப்பதால் அமெரிக்காவின் மாநிலமான ஹவாய்க்குப் பறப்பவருக்கும் குறைந்த வரி. ஹவாயைவிட எவ்வளவோ பக்கத்தில் இருக்கும் கரீபியன் தீவான பார்படாஸுக்குக் கூடுதல் வரி! பாட்டி தாத்தாவைப் பார்க்கப் போகிறவர்களிடம் இது என்ன அநியாயம் என்று அங்குள்ள அரசுகளும் இங்குள்ள அவர்கள் மக்களும் வருஷக்கணக்கில் விடாமல் கேட்டார்கள். 2014 மார்ச் பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் மேல் பிரிவுகள் இரண்டையும் எடுத்துவிட்டார். 2015 ஏப்ரலில் சென்னைக்கான வரியும் 85-லிருந்து 71 ஆனது. அவர்கள் போராடினார்கள், நமக்கும் சேர்த்துக் கிடைத்தது.

சுற்றுச்சூழலுக்காக வரி வேண்டாமா என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. விமானப் புகை கெடுதல்தான். ஆனால் இந்தப் பணம் சுற்றுச்சூழலுக்கென்று தனியாக ஒதுக்கப்படுவதில்லை, பொதுக் கஜானாவுக்குத்தான் போகிறது. அப்புறம், வருஷத்தில் ஒரே தடவை பெற்றோரைப் பார்க்கப் போகிறவருக்கும், மாதத்துக்கு ஒரு தடவை உல்லாசமாக நீண்ட தூரம் பறப்பவருக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே வரி என்பதில் என்ன நியாயம்? வருஷத்தில் முதல் பயணத்துக்குக் குறைவாகவும், அடுத்தடுத்துப் பறக்கப் பறக்கக் கூடுதலாகவும் வைக்கட்டும்.

ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் பொங்கல் விழாவுக்கு எம்.பி.யைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். அடுத்த பட்ஜெட்டுக்கு முன்னால் அதே எம்.பி.யிடம் இந்தக் கோரிக்கையையும் எழுத்தில் கொடுக்கும்படி இங்குள்ள தமிழ்ச் சங்கங்களை உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹாரோ, லண்டன்