தணிக்கையில் பச்சை டிக் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சிஐஎஸ் பெஞ்ச்மார்க் என்ற பாதுகாப்பு விதிகளின் ஆவணத்தை வைத்து லினக்ஸ் சர்வர்களைத் தணிக்கை செய்யும் பலர் இப்போது, விதிகளைத் தானாகச் சோதிக்கும் ஓபன்ஸ்கேப் போன்ற திறமூலக் கருவிகளுக்கு மாறியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த ஆவணம் கேட்பதைத்தான் கருவி சோதிக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு.

முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனர், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியே வரக் கூடாது என்பது எளிய விதி. சொந்த ஸ்கிரிப்ட் எழுதுவோர் எஸ்எஸ்எச் சர்வீஸின் அமைப்புக் கோப்பான எஸ்எஸ்எச்டி கான்ஃபிக்கில் 'பெர்மிட்ரூட்லாகின் நோ' (ரூட் நுழைய அனுமதி இல்லை) என்ற வரியை கிரெப் கட்டளையால் தேடி, கிடைத்தால் பாஸ் போட்டுவிடுகிறார்கள். ரெட் ஹேட் லினக்ஸ் 9-இல் அந்தக் கோப்பின் மேல்பகுதியிலேயே, துணைக் கோப்புகளைச் சேர்த்துப் படிக்கச் சொல்லும் இன்க்ளூட் வரி இருக்கிறது. இன்ஸ்டால் செய்தவர் ரூட் லாகினை அனுமதித்திருந்தால், 01 என்று தொடங்கும் துணைக் கோப்பில் 'யெஸ்' உட்கார்ந்திருக்கும். எஸ்எஸ்எச் சேவையை நடத்தும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருள் முதலில் படித்த மதிப்பையே எடுத்துக்கொள்ளும். கீழே இருக்கும் 'நோ' வெறும் அலங்காரம். எஸ்எஸ்எச்டி கட்டளையைப் பெரிய எழுத்து 'டி' ஆப்ஷனுடன் ஓட்டினால் உண்மையான மதிப்பு தெரியும். அதுவும் கோப்புகளைத்தான் படிக்கிறது. சர்வீஸை ரீலோட் செய்யாமல் விட்டிருந்தால் ஓடிக்கொண்டிருப்பது பழைய செட்டிங்தான்.

அடுத்தது, நம் சர்வருக்குப் பொருந்தாத விதிகளுக்குத் தரும் விதிவிலக்கு. பெஞ்ச்மார்க்கின் பிரிவு எண்கள் பதிப்புக்குப் பதிப்பு நகரும். எண்ணை வைத்து விலக்கு எழுதினால், புதிய பதிப்பில் அது வேறொரு விதியின் தலையில் விழும். கருவியின் விதி ஐடியைக் கொண்டு டெய்லரிங் கோப்பு (எந்த விதிகளை விலக்குவது என்று கருவிக்குச் சொல்லும் கோப்பு) எழுதுங்கள். காரணத்தையும் காலாவதித் தேதியையும் சேர்த்து, மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் (Git) மென்பொருளில் வையுங்கள்.

கருவி தரும் சதவீத மதிப்பெண்ணையும் அப்படியே நம்ப முடியாது. 'நாட் செக்ட்' (சோதிக்கப்படவில்லை) என்று வரும் விதிகள் கணக்கிலேயே சேர்வதில்லை. ஆள் பார்த்துச் சரிபார்க்க வேண்டியவை இப்படித்தான் நழுவுகின்றன. தானியங்கி பைப்லைனில் ஓட்டுவோருக்கு இன்னொன்று: ஓபன்ஸ்கேப்பின் கட்டளையான ஓஸ்கேப் முடியும்போது தரும் எண் (எக்ஸிட் கோட்) 2 என்றால் ஏதோ ஒரு விதி தேறவில்லை, 1 என்றால் சோதனையே சரியாக நடக்கவில்லை. இரண்டையும் ஒரே 'ஃபெயில்' ஆக்கிவிட்டால் எதைச் சரிசெய்வது என்றே தெரியாது. தவறுகளைக் கருவியே திருத்தும் ரெமிடியேட் ஆப்ஷனை முதல் ஓட்டத்திலேயே புரொடக்‌ஷனில், அதாவது பயன்பாட்டில் உள்ள சர்வரில், போடுவது தற்கொலை முயற்சி. டெஸ்ட் சர்வரில் ஓட்டி, ரீபூட் செய்து, மறுபடி ஸ்கேன் செய்த பிறகே அந்தப் பேச்சு.

தணிக்கையாளர்கள் பிடிஎஃப் அறிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு போகாமல், பெஞ்ச்மார்க் பதிப்பு, கருவி பயன்படுத்திய விதித்தொகுப்பின் பதிப்பு, டெய்லரிங் கோப்பு மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு சிஸ்டம் அட்மின்