பள்ளிக்கூடம் விட்டபிறகு பிள்ளையை யார் பார்ப்பது?

நுவரெலியா மாவட்டச் செயலாளர் அவர்களுக்கும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கும், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும், தோட்டக் கம்பனி நிர்வாகங்களுக்கும்,

வணக்கம். பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத் தோட்டங்களில் குடும்பங்களோடு வேலை செய்யும் சிறிய தொண்டு அமைப்பொன்றிலிருந்து எழுதுகிறோம். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: தாய்மார் வேலைக்குப் போகும்போது சின்னக் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராக்களைப் பின்னேரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடுங்கள்.

பள்ளிக்கூடம் 1.30க்கு விடுகிறது. அம்மா மலையிலிருந்து இறங்கி, பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்து முடித்து, லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) வந்துசேர 5 மணியாகிவிடும். அந்த மூன்றரை மணித்தியாலம் லயத்தில் இருப்பவர்கள் வயதானவர்கள், வேலைக்குப் போகாத ஆண்கள், குடித்துவிட்டுப் படுத்திருப்பவர்கள், அப்புறம் இந்தப் பிள்ளைகள். எங்கள் காதுக்கு வந்த கொடுமைகளில் பல இந்த நேரத்தில்தான் நடந்திருக்கின்றன. செய்தவர்களும் எங்கிருந்தோ வந்தவர்கள் இல்லை. மாமா, சித்தப்பா என்று பிள்ளை கூப்பிட்டுப் பழகிய ஆட்கள்.

தரம் 6 படிக்கும் பிள்ளை ஒருத்தி. தாய் வெளிநாட்டில் வீட்டு வேலை, தகப்பன் கொழும்பில் கடை வேலை, பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது. வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் அடுப்பு மூட்டுவாள். விறகு ஈரமென்றால் புகை முழுக்கக் காம்பராவுக்குள்ளேதான். தம்பிக்குச் சோறு போட்டுவிட்டுப் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போகும்போது அவனையும் கையோடு இழுத்துக்கொண்டு போகிறாள். ஏன் என்று கேட்டோம். "அவனத் தனியா விட ஏலாது அக்கா" என்றாள். அதற்குமேல் அவள் சொல்லவில்லை. நாங்களும் தோண்டவில்லை.

இப்படிச் சொன்னதும் "தாய் ஏன் வெளிநாடு போனாள்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து அந்தக் கேள்வியை நிறுத்துங்கள். 2013இல், வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்களிடம் கேட்கும் குடும்பப் பின்னணி அறிக்கை வந்தது. அது தாயைத்தான் விசாரித்தது. தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1000 ரூபாவாக உயர, ஆண்டுக்கணக்கில் போராடி, 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்ததை அது விசாரிக்கவில்லை. வருமானம் போதாத வீட்டில் யாரோ ஒருவர் வெளியே போய்த்தான் ஆகவேண்டும்.

1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைந்தது. முறைப்பாடு சொல்ல 1929 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. அதனால் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள், மறுக்கவே மாட்டோம். ஆனால் அந்த அழைப்பு போகும் நேரத்தில் பெரும்பாலும் நடக்கவேண்டியது நடந்து முடிந்திருக்கும். அதுவும் போய்ச் சேருமா என்பது வேறு கதை. தோட்டத்தின் சில டிவிஷன்களில் (பிரிவுகளில்) சிக்னல் கிடைக்க மேட்டுக்கு ஏறவேண்டும். எங்களுடன் வந்த ஒரு தாயின் முறைப்பாட்டை ஓர் அலுவலகத்தில் சிங்களத்தில் எழுதி, வாசித்துக்கூடக் காட்டாமல் கையெழுத்து வாங்கினார்கள். தன் பிள்ளைக்கு நடந்ததை என்னவென்று எழுதியிருக்கிறார்கள் என்பது தெரியாமலே அவர் வீடு திரும்பினார். தமிழும் அரச கரும மொழிதான்.

சரி, பிள்ளைக்காம்பராவுக்கு வருவோம். தாய் கொழுந்துக்குப் போகவேண்டும் என்பதற்காகவே தோட்டங்களில் அது உருவானது. இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை மாட்டியிருக்கிறோம். கட்டடம் இருக்கிறது, சமையலறை இருக்கிறது, பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் இருக்கிறார். ஐந்து வயது தாண்டியதும் அந்தக் கதவு பிள்ளைக்கு மூடிவிடுகிறது. ஆறு வயதுப் பிள்ளை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று யார் முடிவுசெய்தது?

புதிதாக ஒன்றும் கட்டத் தேவையில்லை. பின்னேரத்துக்கு இன்னொரு ஆள், பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடு, யார் வந்து கூட்டிப்போகலாம் என்று எழுதிவைத்த ஒரு பெயர்ப் புத்தகம். சம்பளத்தைக் கம்பனியும் நிதியமும் அரசும் எப்படிப் பங்கிடுவது என்பதை மாவட்டச் செயலாளர் கூட்டத்தைக் கூட்டித் தீர்க்கலாம். அந்த இன்னொரு ஆள் தோட்டத்துப் பெண்ணாகவே இருக்கட்டும். படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் இளம் பெண்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். ஆனால் ஆளை எடுக்குமுன் பொலிஸ் நற்சான்றிதழ் பார்க்கவேண்டும், பயிற்சி தமிழில் நடக்கவேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

முதலில் இரண்டு தோட்டங்களில் ஒரு வருடம் செய்து பாருங்கள். பெற்றோரைக் கூட்டுவதும் பேசுவதும் எங்கள் பொறுப்பு. முடிவெடுக்குமுன் ஒருமுறை நேரில் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் விழா நாளும் வேண்டாம். வேலை நாளொன்றில், பகல் 2 மணிக்கு, முன்கூட்டி அறிவிக்காமல் வாருங்கள். லயத்துக்கு வழிகாட்ட நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
தோட்டக் குடும்பங்களோடு வேலை செய்யும் தொண்டர்கள்