கடுவன் பூனைக்குச் சனிக்கிழமை இரவில் சலம் அடைத்தால்

வட மாகாணத்தில் கால்நடை வைத்திய சேவைக்குப் பொறுப்பாக இருக்கும் ஐயா, அம்மா எல்லோருக்கும்,

வணக்கம். இது ஒரு பூனையைப் பற்றிய மடல். சொன்னதுமே சிலருக்குச் சிரிப்பு வரும் என்று தெரியும். எங்கள் ஊரில் கால்நடை வைத்தியர் என்றால் மாட்டுக்குச் சினை ஊசி போடுபவர், ஆட்டுக்குப் பூச்சி மருந்து கொடுப்பவர், நாய்க்கு விசர் ஊசி போடுபவர். பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு போனால் வரிசையில் நிற்பவர்களே ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பரவாயில்லை, சிரித்துவிட்டு வாசியுங்கள்.

எங்கள் வீட்டுக் கடுவனுக்குப் பெயர் கறுவல். ஒரு சனிக்கிழமை பின்னேரம் கிணற்றடி மணலில் போய்க் குந்தினான். எழும்பினான். நாலடி தள்ளி மறுபடி குந்தினான். ஒரு சொட்டும் வரவில்லை. அம்மா மலச்சிக்கல் என்று நினைத்து நல்லெண்ணெய் பருக்கினார். முக்குவதைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும், பல வீடுகளில் இந்தப் பிழைதான் நடக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா அரைப் பனடோல் கொடுக்கச் சொன்னார். நல்ல காலம், கொடுக்கவில்லை. பரசிட்டமோலை முறையாக உடைத்து வெளியேற்றப் பூனையின் ஈரலால் முடியாது. இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் போய்விடும். அரைக் குளிசையே ஒரு பூனையைக் கொல்லப் போதும். (அதைப் பற்றி மருந்துக்கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.)

இரவு 9 மணிக்கு வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் தோடம்பழம் அளவில் இறுகிய உருண்டை ஒன்று. அது சலம் (சிறுநீர்) வெளியேறாமல் நிறைந்த சலப்பை.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடுவனின் சலக்குழாய் நீளமானது, நுனியில் ஒடுக்கமானது. அந்த ஒடுக்கத்தில் சளியும் புரதமும் மணல் போன்ற பளிங்குகளும் சேர்ந்து தக்கையாக இறுகிவிடும். பெட்டைக்குக் குழாய் குட்டை, கொஞ்சம் அகலம், அதனால் பெரும்பாலும் தப்பிவிடும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணிதான் காரணம் என்று நாங்கள் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அது அவ்வளவு நேரான கதையில்லை. தக்கைகளில் அதிகம் காணப்படும் ஸ்ட்ருவைட் பளிங்கில் இருப்பது மக்னீசியமும் அமோனியமும் பொஸ்பேற்றும். சுண்ணாம்பிலுள்ள கல்சியம் அதில் இல்லை. தண்ணீர் குறைவாகக் குடிப்பது, காய்ந்த உணவை மட்டும் தின்பது, உடம்பு வைப்பது, வீட்டில் பூனைக்குப் பிடிக்காத மாற்றம் எதுவும் நடப்பது என்று பலதும் சேர்ந்துதான் இது வருகிறது. எங்கள் வீட்டுக்கு அந்த மாதம்தான் புதுக் குட்டி ஒன்று வந்திருந்தது.

காரணம் எதுவாகவும் இருக்கட்டும். அடைப்பு முழுதாக இருந்தால் ஒரு நாளுக்குள் கழிவு இரத்தத்தில் சேரத் தொடங்கும். பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பு மந்தமாகும். 2, 3 நாளில் பூனை முடிந்துவிடும். சனி பின்னேரத்திலிருந்து திங்கள் காலை கதவு திறக்கும் வரை ஏறக்குறைய 40 மணித்தியாலம்.

அன்றிரவு நான் அழைக்காத இலக்கம் இல்லை. ஒரேயொரு வைத்தியர் எடுத்தார். அவருக்கு அது கடமை நேரம் இல்லை, இருந்தும் விடியற்காலையில் ஈரத் தலையோடு வந்து கதவைத் திறந்தார். மயக்க ஊசி போட்டு, ஒரு மில்லிமீற்றர் சொச்சம் தடிப்பான கதீற்றரை (சலம் எடுக்கும் மெல்லிய குழாய்) மெல்ல மெல்ல விட்டு, சேலைன் அடித்துத் தக்கையைக் கழுவினார். 2 நாள் கதீற்றரும் சேலைனும். அடைப்பு நீங்கியதும் சலம் வெள்ளமாகப் போகும், அப்போது சேலைன் குறைந்தாலும் ஆபத்து என்றார். கறுவல் பிழைத்தான். அடுத்த மாதம் எங்கள் ஒழுங்கையிலேயே இன்னொரு வீட்டுக் கடுவனுக்கு இதே வருத்தம், அதுவும் ஒரு சனிக்கிழமை. அவர்களுக்கு யாரும் போன் எடுக்கவில்லை. திங்கள் விடிய முன் செத்துவிட்டது.

கறுவலுக்கு மறுபடியும் இரண்டு தரம் அடைத்தது. இதற்குச் சத்திரசிகிச்சை இருக்கிறது. ஒடுங்கிய நுனிப் பகுதியை அகற்றிவிட்டு, உள்ளே அகலமாக இருக்கும் குழாயை வாலுக்குக் கீழே தோலோடு சேர்த்துத் தைத்துப் புதுவழி விடுவார்கள். நுணுக்கமான வேலை. தையல் சரியாக அமையாவிட்டால் வழி மீண்டும் ஒடுங்கிவிடும். செய்தவர்கள் கண்டிப் பக்கத்தில்தான் கிடைத்தார்கள். பேராதனையில் மிருக வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் இருப்பதால் அந்தப் பக்கம் கைதேர்ந்தவர்கள் சேர்வது இயல்பு. கண்டியிலிருந்து இங்கே வரும் ஏ9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். சத்திரசிகிச்சையை விட வான் கூலிதான் கூட. வந்த பிறகு 2 கிழமை தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு, மணலுக்குப் பதிலாகக் கிழித்த பேப்பர் (மணல் தையலில் ஒட்டும்). அந்தப் பேப்பரை அவன் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். இப்போது நன்றாக இருக்கிறான். சலப்பையில் கிருமி வராமல் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்களிடம் காசு இருந்தது, போனோம். எல்லோராலும் முடியாது. அதைவிட முக்கியம், அடைத்த பூனையை அப்படியே வானில் ஏற்றி ஏ9இல் கொண்டுபோக முடியாது. பொட்டாசியம் ஏறிய இதயம் வவுனியா வரை கூடத் தாங்குமோ தெரியாது. முதலில் அடைப்பை இங்கேதான் எடுக்க வேண்டும்.

அதனால் நான் பெரிய ஆஸ்பத்திரி கேட்கவில்லை. குடாநாட்டிலுள்ள அரச, தனியார் கால்நடை வைத்தியர்கள் முறை வைத்து, இரவிலும் விடுமுறை நாளிலும் யாராவது ஒருவர் போன் எடுக்கும்படி ஓர் ஒழுங்கு செய்யுங்கள். எடுப்பவருக்கு அதற்குரிய கொடுப்பனவையும் கொடுங்கள். பாவம், நல்ல மனதை நம்பி எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவது? இரவில் கன்று ஈன முடியாமல் கிடக்கும் பசுவுக்கும் அதே இலக்கம் உதவும். ஓரிடத்திலாவது பூனைக்கான மெல்லிய கதீற்றர்களும் பொட்டாசியம் பார்க்கும் இரத்தப் பரிசோதனையும் இருக்கட்டும். சத்திரசிகிச்சைக்கு இங்குள்ள இளம் வைத்தியர் ஒருவரை அனுப்பிப் பழக்குங்கள். அதுவரை கண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் மாதம் ஒருமுறை வந்து போனாலும் சரி, நாள் குறித்துச் சொன்னால் நாங்கள் கூடையோடு வந்து நிற்போம்.

முதலில் அந்த இலக்கம். கிடைத்த அன்றைக்கே எங்கள் ஒழுங்கை மூலையில் உள்ள மின்கம்பத்தில் நானே எழுதி ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
கொக்குவிலில் இருந்து, கறுவலின் வீட்டுக்காரன்