மச்சானுக்கு ஒரு பிரேக் கதை

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் படி ஏறியே தீருவேன் என்கிறார். சின்னவள் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டாள். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

மோட்டார் சைக்கிளுக்குப் பெரிய கேலிப்பர், அதாவது உராய்வுக் கட்டையான பேடை டிஸ்க்கில் அழுத்திச் சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் கவ்வி, போடப்போவதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. அந்தக் கூத்தை நான் ஏற்கெனவே ஆடி முடித்துவிட்டேன்.

என் 135 சிசி கிழவன் டூ-ஸ்ட்ரோக். பாலிக் பூலாவிலிருந்து துன் சார்டோன் சாலையில் மலையிறங்கும்போது, ஆக்சிலரேட்டர் முறுக்கை விட்டாலும் இன்ஜின் இழுத்துப் பிடிக்காது. எல்லாம் பிரேக்கின் தலையில்தான். டுரியான் பருவத்தில் வளைவோரம் நின்ற ஒரு வேனுக்குப் பின்னால் மயிரிழையில் தப்பினேன். அடுத்த வாரமே நாலு பிஸ்டன் கேலிப்பர் மாட்டியாகிவிட்டது.

லீவரைப் பிடித்தால் பஞ்சு மாதிரி இறங்கிக் கைப்பிடியில் முட்டியது! பட்டறை அண்ணன் சிரித்தார். "கீழ வாய் நாலாச்சு, மேல ஊட்டுற கரண்டி பழசுதானே?" லீவர் பக்கம் இருந்து எண்ணெயைக் கீழே தள்ளும் மாஸ்டர் பம்பைத்தான் சொன்னார். 12.7 மில்லிமீட்டர் பிஸ்டன் உள்ளதை எடுத்துவிட்டு 14 போட்டார். வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை, ஆனால் பரப்பு 21 விழுக்காடு கூடுகிறது. லீவர் இறங்குவது குறைந்தது. அதற்கேற்ப விரலும் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கிறது, சும்மா கிடைக்குமா?

அப்புறம்தான் உண்மையான குற்றவாளி வெளியே வந்தான். பிரேக்கில் சிக்கிய காற்றை எடுக்கும்போது மினரல் வாட்டர் போத்தலில் இறங்கிய பழைய பிரேக் எண்ணெய், அசல் கோப்பி-ஓ (பால் விடாத காப்பி) நிறம். டாட் 4 ரக பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கையில் 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் குடித்துவிட்டால் அந்தக் கணக்கு 155 வரை இறங்கிவிடும். மலையிறக்கத்தில் அது கொதித்து ஆவியானால், நீ அழுத்துவது ஆவியைத்தான், பேடை அல்ல. போதாக்குறைக்கு, எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸ் கிழடாகி, லீவரைப் பிடிக்கும்போதெல்லாம் தொண்டை மாதிரி புடைத்தது. கையால் தொட்டே பார்த்தேன்.

ஆகவே நீ முதலில் எண்ணெயை மாற்று, எஃகு வலை சுற்றிய ஹோஸ் போடு, நல்ல பேட் வாங்கு. லீவரை அழுத்திய நிலையிலேயே ரப்பர் பேண்டால் கட்டி ஓர் இரவு விட்டுவை, மிச்சக் காற்றும் மேலேறிவிடும். எண்ணெய் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்று. என் மட்கார்டில் ஒரு சொட்டு விழுந்து, பெயின்ட் கொப்புளமாக எழும்பி நிற்கிறது.

இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை என்றால் கேலிப்பரைப் பற்றி யோசிக்கலாம். என்னுடையதையே கழற்றித் தருகிறேன், தைப்பூசத்துக்கு வரும்போது எடுத்துக்கொள். மாஸ்டர் பம்புக்குக் காசு தனி.

உன் மச்சான்